பாத்திமுத்துவின் கழுவாத கை

தென்காசி நெசவாளர் தெருவில் பாத்திமுத்துவின் சுத்தம் பிரசித்தம். மீன் கழுவினால் கையை மூன்று தடவை கழுவுவாள். அப்புறமும் மோந்து பார்ப்பாள். "ஏட்டி, தோலு உரிஞ்சிரப் போவுது" என்று பக்கத்து வீட்டு மெஹர் பானு கேலி பண்ணுவாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தானா போயும் போயும் ஒரு பூனைக்குட்டி வந்து சேரவேண்டும்!

யுத்த காலம். நூல் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்ததைத் தறியில் ஏற்றும் பாவாக நீள இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுத் தெருவில் காயவைத்தால், குற்றாலத்துச் சாரல் இங்கேவரை வந்து நனைத்தது. ஈரப் பாவைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்தால், கஞ்சி வாசனைக்கு எலி வந்து கடித்தது. ஒரு பாவு போயிற்று. இன்னொன்றும் போனால் தறி நிற்கும்; அடுப்பும் நிற்கும்.

அருவிக்குக் குளிக்கப்போன புருஷன் ஆதம், புதருக்குள் கிடந்த குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். கண்ணில் பீளை, காதில் உண்ணி, வால் நெடுக என்னமோ அப்பிக் காய்ந்திருந்தது. மனுஷ வாடையே அறியாத ஜென்மம். இறக்கிவிட்டதும் சீறிக்கொண்டு தறிக்குழிக்குள் பாய்ந்து, அங்கேயே பேண்டும் வைத்தது.

"சீ, கருமம்! கொண்டுபோயி விட்டுட்டு வாங்க!"

"எலி பிடிக்கும்ட்டீ. பூனை வாய் வச்ச தண்ணியில தொழுகைக்கு ஒளுவே செய்யலாம்னு பள்ளிவாசல் லெப்பை சொல்லுதாரு."

"அப்ப அவரு வீட்டுல விடுங்க. எனக்கு ஓங்கரிக்குது."

ஆதம் குழியோரம் குப்புறப் படுத்து, கண்ணுக்குக் கண் பார்த்து, "வாடா ராசா" என்று கையை நீட்டினான். ராசா புறங்கையைக் கிழித்தது. நாலு நாள் கொஞ்சியதில் ரத்தம்தான் மிச்சம். கையில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு அவன் ஒதுங்க, தீனி போடும் வேலை பாத்திமுத்து தலையில் விழுந்தது.

அவளுக்கு அதைப் பார்க்கவே சகிக்காது. கெண்டைத் தலையைக் கொட்டாங்கச்சியில் போட்டுக் காலால் தள்ளிவிட்டு, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து ராட்டில் நூல் சுற்றுவாள். கண்ணைப் பார்க்காத, கையை நீட்டாத அந்த முதுகைத்தான் குட்டி நம்பியது. முதலில் ஒரு முழம் தள்ளி நின்று தின்றது. பிறகு சேலையோரத்தில். ஒருநாள் ஈர மூக்கு குதிகாலில் பட்டுவிட்டது. "யா அல்லா!" என்று அலறி, காலை மூன்று தடவை கழுவினாள்.

ஆதமுக்கு வயிற்றெரிச்சல். "கொஞ்சுதவன் நானு. ஒங்கிட்டல்லா வருது!"

"எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்கிடுங்க."

மறுவாரம் ஒரு காலை, ராட்டு முன்னால் இருந்தவளின் மடியில் சொத்தென்று என்னமோ விழுந்தது. எலி. தலை இல்லை, குடல் வெளியே கிடந்தது, சூடுகூட ஆறவில்லை. உதறிப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். குடித்த கஞ்சி அத்தனையும் வெளியே வந்தது.

திரும்பி வந்தவள் முதலில், உள்ளே சுருட்டி வைத்திருந்த பாவைத்தான் விரித்துப் பார்த்தாள். இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரை கண்ணை ஓட்டினாள். ஓர் இழை அறுந்திருக்கவில்லை.

எலியை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்தாள். கையை மூன்று தடவை கழுவித் துடைத்தாள். மோந்து பார்ப்பதற்குள் குட்டி வந்து, ரத்தம் ஒட்டிய வாயோடு அண்ணாந்து பார்த்தது.

"நாத்தம் புடிச்ச மூதி" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே அதன் தலையைத் தடவினாள். பிசுபிசுவென்று ஒரே கவிச்சி. அப்படியே போய்ப் பாவைச் சுருட்டத் தொடங்கினாள்.

"கையக் கழுவலியாட்டீ?" என்றான் ஆதம்.

"ஈரக் கை பட்டா பாவு கெட்டுப்போவும். பேசாம இருங்க."