குழாயில் கேட்காத கிட்டார்

அப்போது சங்கரன்கோவிலில் நான் மைக் செட் போட்டுக்கொண்டிருந்தேன். ஆடித்தபசுக் கச்சேரிக்கு மெட்ராஸ் மெல்லிசைக் குழுவோடு அவர் வந்திருந்தார். தோள்வரை முடி, பூப்போட்ட சட்டை, நாலே கம்பியுள்ள பேஸ் கிட்டார். வாசிக்கும்போது கூட்டத்தைப் பார்க்கமாட்டார்; டிரம்ஸ்காரர் பக்கம் திரும்பியே நிற்பார்.

அடிச்சத்தம் எடுபடாத எங்கள் குழாய் ஸ்பீக்கரில் அவர் வாசிப்பு துளியும் கேட்கவில்லை. வீணாகத்தானே கிடக்கிறது என்று அவருடைய ஒயரைப் பிடுங்கி, கோரஸ் பெண்களுக்கு இன்னொரு மைக் கொடுத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கச்சேரி முடியும்வரை விடாமல் வாசித்தார்.

"யாருக்கும் கேக்காததை எதுக்கு அண்ணாச்சி வாசிக்கிய?" என்று ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டேன்.

"டிரம்ஸ்காரர் என் விரலைப் பார்த்துத்தாங்க அடிக்கிறார்," என்றார். "அந்தக் கடைசிப் பாட்டுக்கு ரெக்கார்டிங்லயும் நான்தான் வாசிச்சேன். கிடைச்சா கேட்டுப் பாருங்க."

அடுத்த வருஷம் கடையநல்லூரில் ஒரு கல்யாண வீட்டுக்குக் குழாய் கட்டப் போனேன். துபாயிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை, தன் புது டேப் ரெக்கார்டரில் அதே பாட்டைப் போட்டார். பாட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று கனமாக, நிதானமாக நடந்துவந்து என் நெஞ்சில் தட்டியது.

கையிலிருந்த குழாயைத் தரையில் வைத்தேன்.

"மாப்ள, இன்னொருக்கப் போடுங்க," என்றேன்.