அமெரிக்க இலக்கியத்தில் எங்கள் வீடு

அமெரிக்க இலக்கியத்தில் எங்கள் வீடு வரப்போகிறது என்ற செய்தியை நாங்கள் குடியிருந்த மல்வேர்ன் பகுதி முழுக்கப் பரப்பியவர் பெரியம்மா. அம்மாவுக்கு அதில் பங்கில்லை. ஊரில் ஆங்கில ஆசிரியையாக இருந்த அம்மா, இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு மாலையில் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அமெரிக்க இலக்கியம்தான் கடைசிப் பாடம். அதில் நல்ல புள்ளி எடுத்தால் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் பிஸ்கட்தான்.

பேராசிரியை கொடுத்த வேலை விசித்திரமானது. வீட்டில் கழியும் ஒரு மணிநேரத்தைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதவேண்டும். அது யதார்த்தவாதம். பிறகு, அந்த மனிதர்களை அப்படி நடக்கவைத்த பிழைப்பும் பரம்பரையும் சூழலும் தெரியும்படி அதையே திரும்ப எழுதவேண்டும். அது இயற்கைவாதம். கடைசியாக, நவீனத்துவர் ஒருவர் எழுதுவதுபோல.

அம்மா ஒரு ஞாயிறு பின்னேரத்தைத் தெரிவுசெய்தார். "வழமைபோல இருங்கோ, அது காணும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். எங்களால் முடியாத ஒரே காரியம் அதுதான்.

பெரியம்மா காலையிலேயே பட்டுச்சேலையில் வந்திறங்கினார். இடுப்பில் சுற்றிய சாறத்தோடு சாய்ந்திருந்த அப்பாவைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனார்.

"எழுத்தில வரப்போறியள், உந்தக் கோலத்திலயோ?"

அப்பா சவரம் செய்து கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டார். மேசைக்குப் புது விரிப்பு, எனக்கு மஞ்சள் சட்டை. வழக்கமாகத் தொலைக்காட்சியோடு சண்டைபிடிக்கும் மாமா, கைகளை மடியில் வைத்துக்கொண்டு குளிரைப் பற்றிச் செந்தமிழில் உரையாற்றினார்.

அம்மா பேனாவோடு காத்திருந்தார். அந்த வாரமே கட்டுரையைக் கொடுக்கவேண்டும். மெல்லக் கண் கலங்கியது.

"ஒருத்தரும் சும்மா இருக்கமாட்டியளோ? நான் இனி என்னத்தை எழுதுறது?"

"நாங்கள் சும்மாதானே இருக்கிறம்" என்றார் அப்பா, மூச்சுவிடச் சிரமப்பட்டபடி.

அம்மா அவரையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்கினார்.

வியாழன் மாலை மூன்றையும் தமிழில் சொல்லிக்காட்டினார். முதலாவதில் கழுத்துப்பட்டி, மாமாவின் உரை, விரிப்பில் கழற்ற மறந்த விலைச்சீட்டு எல்லாம் அப்படியே இருந்தன. விலைச்சீட்டைப் பெரியம்மா மன்னிக்கவில்லை. இரண்டாவதில் அம்மா காரணம் சொல்லியிருந்தார்: இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் இவர்களைப் பார்த்து எழுதியவர்கள் எல்லாரும் அதிகாரிகள், யாராவது பேனாவை எடுத்தால் இவர்களுடைய உடம்பு தானாகவே நிமிர்ந்துவிடுகிறது. அப்பா கழுத்தைத் தடவிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்க ஏனோ பாவமாக இருந்தது.

முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவது வராது என்றார் அம்மா. யதார்த்தவாதி சாதாரண வீட்டைக் கதைக்குள் கொண்டுவந்தார், இயற்கைவாதி அந்த வீட்டை அழுத்தும் பாரத்தைக் காட்டினார், பின்னால் வந்த நவீனத்துவர் இவை இரண்டும் ஒரு மனதுக்குள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்று பார்க்கப் போனார். மூன்றாவதிலும் அதே மேசை, அதே விரிப்பு, ஆனால் எல்லாம் ஒரு பெண்ணின் நினைவுக்குள். விரிப்பு கரும்பலகையாகிறது, கரும்பலகை அட்டைப் பெட்டியாகிறது, யாரோ அவளை ரீச்சர் என்று கூப்பிடுகிறார்கள், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றார். ஆனாலும் இன்னொருமுறை சொல்லிக்காட்டச் சொன்னார்.

அம்மா நன்றாகவே தேறினார். இப்போது அஜின்கோர்ட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். ஆனால் அன்று, ஏழு வயதில், எனக்குப் பெரிய மனக்குறை. முதல் இரண்டிலும் தாராளமாக வந்த மஞ்சள் சட்டைக்கு மூன்றாவதில் ஒரே ஒரு வரி. மிச்சமெல்லாம் அந்தப் பெண்தான்.

"ஆரம்மா அந்த மனிசி?"

"எங்கட பில்டிங்கில இருக்கிற ஒராள்."

நான் நம்பிவிட்டேன். பிறகு பல நாட்கள், அம்மாவின் கையைப் பிடித்தபடியே, லிஃப்டில் ஏறிய ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன்.