சீமைச் சட்டமும் தப்புக்கடலையும்

இந்தப் பங்குனியில் எம்.ரெட்டியபட்டியிலிருந்து என்னைத் தேடி ஓர் ஆள் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

“மொதலாளி உங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாக. நீங்க பத்திரிகைல எழுதுனத அப்பிடியே காட்டுல நடத்திக் காட்டப்போறாகளாம்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் இந்தப் பக்கத்தில் எழுதி, அதனால் உலகத்தில் நடந்த ஒரே காரியம் என்ன தெரியுமா? ஒரு வாசகர் நான் சிபாரிசு செய்த கஷாயத்தைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்ததுதான். இப்போது ஒரு பெரிய விவசாயி என் எழுத்தைப் படித்து, அதன்படி நடக்கப்போகிறார்! சட்டையை மாற்ற உள்ளே ஓடினேன்.

“எதுக்கும் நீங்க என்ன எழுதுனீகன்னு ஒருக்கா படிச்சிட்டுப் போங்க” என்றாள் என் மனைவி. என் எழுத்தை அவள் அவ்வளவு தூரம் நம்புகிறாள்.

நான் படிக்கவில்லை. பஸ் போய்விடும் என்ற அவசரம்.

அப்படி என்ன எழுதியிருந்தேன்? பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். இடைக்கால ஐரோப்பாவில் ஏழைகள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் படித்துவிட்டு, அந்தச் சூட்டோடு எழுதியது. ஒரே அறைக் குடிசை. புகை வெளியேற வழி கிடையாது. இந்தப் பக்கம் மனிதர்கள், அந்தப் பக்கம் மாடு. மாவு அரைக்க வேண்டுமா... பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். அரைத்ததில் அவருக்கு ஒரு பங்கு. வீட்டில் சொந்தமாகத் திரிகை வைத்திருந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாவற்றையும்விடக் கொடுமை, அறுவடைக்கு முந்தின சில வாரங்கள். பழைய தானியம் தீர்ந்திருக்கும். புதியது பச்சையாக நிற்கும். நம் பக்கத்தில் ஆனி மாதம் எப்படியோ, அப்படி.

அவ்வளவு இருட்டிலும் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அறுத்த கதிரை வண்டியேற்றிக் கொண்டுபோன பிறகு வயலில் சிந்திக் கிடப்பது ஏழைக்கு. அவர்கள் பொறுக்கி முடிக்கும்வரை ஆடு மாடு இறங்கக்கூடாது. கோயில் மணி அடித்ததும் வயலில் இறங்கலாம். மறுபடி அடித்தால் ஏறிவிட வேண்டும். (இந்த மணி கொஞ்சம் பிற்காலத்துச் சரக்கு. ருசிக்காகச் சேர்த்தேன்.)

இதோடு நிறுத்தியிருக்கலாம். பத்திரிகை ஆபீசிலிருந்து, “பக்கத்தில் நாலு வரி இடம் காலியாக இருக்கிறது” என்று சொல்லி அனுப்பினார்கள். காலியிடத்தைப் பார்த்துக்கொண்டு எந்த எழுத்தாளன் சும்மா இருந்திருக்கிறான்? புத்தகத்தைப் புரட்டி ஒரு துணுக்கு சேர்த்தேன். ‘உடம்பில் பலம் இருந்தும், கூப்பிட்ட அறுவடைக்கு வராமல் வேறு இடத்துக்குக் கூலிக்குப் போனவர்கள் கதிர் பொறுக்கக் கூடாது என்று சில கிராமங்களில் கட்டுப்பாடு இருந்ததாம்.’

பக்கம் நிரம்பிவிட்டது.

எம்.ரெட்டியபட்டியில் என்னை எதிர்கொண்டவர், ஆள் அனுப்பிய முதலாளி வெங்கடசாமி அண்ணாச்சி. கிணறும் பம்ப்செட்டும் வைத்து, அந்த வறண்ட பூமியில் கோடைக்கடலை போடுகிறவர். கெட்டவர் இல்லை; முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குக் கொடுப்பார், பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார், கல்யாண வீட்டுக்கு வண்டி அனுப்புவார். என்னை வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு கலர் சோடாவையும் கொடுத்தார். பம்ப்செட் அறைக் கதவில் என் கட்டுரை ஒட்டியிருந்தது. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார்கள். மரக்கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது.

“மணிக்கு எங்க போறது? இத வாங்கிக் கட்டிட்டேன்” என்றார். “இத்தன வருசமா யாரு வேணா, எப்ப வேணா எறங்கி நோண்டிட்டுப் போவாக. ஒரு முறை உண்டா? வெள்ளக்காரன் அன்னைக்கே எப்பிடி வச்சிருக்கான் பாருங்க.”

வரப்பில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கையில் களைக்கொத்தி, பக்கத்தில் ஓலைக் கடகம். கடலைச் செடியைப் பிடுங்கும்போது சில காய்கள் அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அதுதான் தப்புக்கடலை. தோண்டி எடுத்தவருக்குச் சொந்தம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாமலேயே இந்தப் பக்கம் நடந்துவருகிற வழக்கம். மத்தியானத்துக்கு மேல் கிடை ஆடுகள் இறங்கிவிடும். ஆடு மேய்ந்து, ஏர் ஓடினால் முடிந்தது.

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார்.

“நம்ம அறுப்புக்கு வந்தவுக மட்டும் எறங்குங்க. கூப்பிட்டும் வராதவுக எந்திரிச்சுப் போயிருங்க. வரமுடியாத கெழடுகட்டை எறங்கலாம்.”

எனக்குக் கலர் புரையேறியது. அந்த நாலு வரி!

ஓர் அம்மாள் எழுந்தார். நாற்பது வயது இருக்கலாம். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

“எந்த ஊருச் சட்டம் மொதலாளி இது?”

“சீமைச் சட்டம்.”

“சீமையில கடல வெளையுதா?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “கோதுமை” என்றேன் மெதுவாக.

“அப்ப அவுக கோதுமைக்கு வச்சுக்கிடட்டும். நம்ம கடலைக்கு எதுக்கு?”

வரப்பு முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். ஆனால் இறங்க விடவில்லை.

“ஏன் பேச்சி, அறுப்புக்கு வாங்கன்னு எத்தன தடவ சொல்லிவிட்டேன்? ஏன் வரல?”

“ரோட்டு வேலைக்குப் போனேன். மறைக்கல. அங்க அன்னன்னைக்கு அரிசி. நீங்க கடலைய வித்துட்டுத்தான குடுப்பீக? அதுவரைக்கும் எங்க வீட்டுல ஒலைய எதுக்கு வைக்க?”

“எல்லாரும் ரோட்டுக்குப் போயிட்டா? எனக்குப் பாதிக் காடு ஆளில்லாமக் காஞ்சு, செடியப் புடுங்குனா காய் பூராம் மண்ணுல நிக்கிது. நீங்க வராததுனால நின்ன காய நீங்களே வந்து பொறுக்குவீக. இது எந்த ஊரு நியாயம்?”

இரண்டு பேர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம். அந்த ஐரோப்பாவில் கொள்ளைநோய் வந்து ஆள் குறைந்தபோது பிரபுக்கள் பேசிய பேச்சும் இதுதான். இங்கே பஞ்ச நிவாரண ரோடு வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

“எழுதுனவுக நீங்கதானாய்யா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் திங்கிறதுக்குக் கேக்கல, வெதைக்குக் கேக்கேன். எங்க வீட்டுக்காரரு கெணத்து வெடியில கால விட்டுட்டு உக்காந்திருக்காரு. ஒரு துண்டுக் காடு கெடக்கு. வருசா வருசம் தப்புக்கடல பொறுக்கித்தான் ஆடியில வெதைக்கேன். இத விட்டா எனக்கு வெதை கெடையாது.”

நான் எழுந்து நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேடையில் பேசிப் பழகிய ஆள்தானே நான்? “அண்ணாச்சி, அது அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முந்திய கட்டுப்பாடு. அங்கேயே எல்லா ஊரிலும் கிடையாது. அவர்கள் வேதத்திலேயே, வயல் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிடு என்றுதான் இருக்கிறது” என்றேன்.

“அப்பிடியா? அத ஏன் சார் எழுதல?”

“இடமில்லை.”

அண்ணாச்சி என்னை இரக்கத்தோடு பார்த்தார். “அச்சுல வந்ததுக்குப் பெறகு எழுதுனவுகளே மாத்துனா எப்பிடி சார்? நாளைக்கு உங்கள எவன் மதிப்பான்?”

என் மரியாதையை அவர் காப்பாற்றிவிட்டார். தண்டவாளத்தில் ‘டங்... டங்’ என்று அடித்தார்கள். பெண்கள் இறங்கி ஓடினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிடை வருவதற்குள் தோண்டியாக வேண்டும். பேச்சியம்மாள் களைக்கொத்தியைக் கடகத்துக்குள் போட்டார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான்.

“அந்த ஊருல எறங்க விடாத பொம்பளைக என்ன செஞ்சாகய்யா?”

எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தடித்த புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை தேடினேன். தடையை மீறிப் பொறுக்கி, பிடிபட்டு, அபராதம் கட்டிய பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. பிரபுவின் பஞ்சாயத்து ஏட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பேசாமல் திரும்பிப் போனவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஏழை ஏதாவது தப்புச் செய்தால்தான் சரித்திரத்தில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஒழுங்காக இருந்தால் அடையாளமே இல்லாமல் போய்விடுகிறான்.

அன்று கிளம்பும்போதே அந்த அம்மாளிடம், “விதைக்குக் கொஞ்சம் பணம் தரட்டுமா?” என்று கேட்டிருந்தேன்.

“வேணாம்யா. காசாக் குடுத்தீகன்னா அது கஞ்சிக்குப் போயிரும். கடலையா இருந்தாத்தான் வெதை.”

அப்படியானால் கடலையாகவே கொடுத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். முடிவு செய்வதில் நான் புலி. சித்திரை வந்தது, சென்னையில் ஒரு கூட்டம். வைகாசி வந்தது; மைத்துனன் மகள் கல்யாணம். ஆனியில் வெயில். படித்தவர்களின் இரக்கத்தில் எப்போதுமே ஈரம் இருக்கிறது. என்ன, அது பட்டம் தவறித்தான் பெய்யும்.

ஆடியில் ஒரு நல்ல மழை பெய்ததும் சுறுசுறுப்பு வந்துவிட்டது. அருப்புக்கோட்டை கமிஷன் கடையில் பொறுக்கியெடுத்த விதைக்கடலையாகப் பார்த்து ஒரு பை வாங்கிக்கொண்டு, போன வாரம் பஸ் ஏறினேன்.

பேச்சியம்மாள் வீட்டில்தான் இருந்தார். மழை வந்ததும் ரோட்டு வேலையை நிறுத்திவிட்டார்களாம். பையைப் பிரித்து, ஒரு காயை உடைத்து, பருப்பை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

“நல்ல தெரட்சிய்யா. எங்க வாங்குனீக?”

சொன்னேன். “விதைச்சிருங்க” என்றேன், பெருந்தன்மையாக.

“எங்கய்யா வெதைக்க? காட்ட மொதலாளிக்கு, வெளைச்சல்ல பங்குன்னு வாரத்துக்கு விட்டாச்சு. வெதையில்லாமச் சும்மா போட்டா முள்ளுதான மொளைக்கும்? அவுக வெத போட்டு, ஏரு விட்டு, போன வாரமே வெதப்பு முடிஞ்சுபோச்சு.”

நான் பையின் வாயை மறுபடி மடித்தேன்.

“நானும் போயித்தான் வெதச்சேன், கூலிக்கு. நம்ம காடுல்ல... வேற யாரும் ஆழமாப் போட்டுட்டா மொளைக்காது. அது ஒரு மாதிரி மண்ணு.”

“அறுவடைக்கு?”

“போகணும்ல. போனாத்தான பொறுக்க விடுவாக?”

தன் காட்டில் தானே தப்புக்கடலை பொறுக்க, அவர் இனி அண்ணாச்சி கூப்பிடும்போது தவறாமல் போயாக வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் இதுவும் இருக்கிறது. பஞ்ச வருஷத்தில் விதை இல்லாமல் போன சுதந்திரக் குடியானவன், நிலத்தைப் பிரபுவிடம் ஒப்படைத்துவிட்டு, அதே நிலத்தில் அவருடைய ஆளாகச் சேர்ந்துகொண்டான் என்று. யாரும் அவனை விலங்கு போட்டு இழுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு வருஷத்து விதை கையில் இல்லை, அவ்வளவுதான். படித்தபோது ஏதோ பெரிய படையெடுப்பு, போர், சாசனம் எல்லாம் நடந்திருக்கும் என்று நினைத்தேன். இவ்வளவு சத்தமில்லாமல், எல்லாரும் நல்லவர்களாக இருக்கும்போதே நடந்துவிடும் என்று அதில் போட்டிருக்கவில்லை. அல்லது போட்டிருந்து, நான் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டியிருப்பேன்.

“அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்களேன்” என்றேன்.

“அதுவரைக்கும் இந்த வீட்டுல தாங்குமாய்யா? பூச்சியும் நாங்களும் போட்டி போட்டுல்ல திம்போம்.” சிரித்தார். உள்ளே திரும்பி, “ஏங்க, ஐயா கடல கொண்டாந்திருக்காக” என்று வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்தார். அடுப்பில் சட்டியை வைத்து, மணலைப் போட்டு, சூடேறியதும் இரண்டு கை அள்ளிப் போட்டார். வாசனை தெரு வரைக்கும் போயிற்று.

முறத்தில் கொட்டி, ஊதி, எனக்குத்தான் முதலில் நீட்டினார்.

“சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்கய்யா. இவ்வளவு தூரம் வந்திருக்கீக.”

சாப்பிட்டேன். முதல் தரமான விதை, வாசகர்களே... மண்ணில் விழுந்திருந்தால் ஒன்றுகூடத் தவறாமல் முளைத்திருக்கும்.