பெட்டியில் இருபத்தாறு முத்திரைகள்

1938 மார்ச் 9, புதன்கிழமை. ஜப்பான் பட்டாளம் பிடித்திருந்த மஞ்சூரியாவுக்குக் குடிபோகும் நாற்பது குடும்பங்களின் பட்டியல் கிராம அலுவலகச் சுவரில் மாட்டப்பட்டது. அதில் கிதஹாரா ஷிகெனோவின் வீடும் இருந்தது. கணவன் யசுஹெய், மாமனார், அவள், இரண்டு மகள்கள். ஓரத்தில் சிவப்பு மையில் வீட்டு முத்திரை.

அவளை யாரும் கேட்கவில்லை. யசுஹெய்யையும் கேட்கவில்லை. அவன் பத்து நாளாக மலைக்கு அந்தப் பக்கம் சாலை வேலையில் கல் உடைத்துக்கொண்டிருந்தான்.

ஷிகெனோவுக்கு முப்பத்தேழு வயது. பதின்மூன்றில் ஒகாயா ஊர்ப் பட்டுநூல் ஆலைக்குப் போனவள். எட்டு வருடம் கொதிநீரில் கைவிட்டு நூல் இழுத்தவள். கல்யாணமாகி இந்த இனா பள்ளத்தாக்குக்கு வந்த பிறகு பட்டுப்புழு வளர்த்தாள். 1927இல் மாகாண அதிகாரி வந்து, நெல்லை அழித்துவிட்டு மல்பெரி நடுங்கள் என்றார். நட்டார்கள். மூன்றே வருடத்தில் அமெரிக்காவில் சந்தை விழுந்தது. அங்கே பெண்கள் பட்டுக் காலுறை வாங்குவதை நிறுத்தினார்கள். இங்கே கூடைக்கு ஏழு யென் விலை போன பட்டுக்கூடு இரண்டரைக்கு இறங்கியது. பட்டுக் காலுறையைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஷிகெனோவின் வீட்டில் தினைக்கஞ்சியும், நூல் இழுத்தபின் மிஞ்சும் புழுவை வறுத்ததும்தான் சாப்பாடு. அதே அதிகாரி மறுபடி வந்தார். மல்பெரியைப் பிடுங்குங்கள் என்றார். இந்த வருடம் மூன்றாம் முறையாக வந்து, கிராமத்தில் ஆட்கள் அதிகம் என்றார்.

"முதல்ல நெல்லு வேண்டாம்னாங்க. அப்புறம் மல்பெரி ஜாஸ்தின்னாங்க. இப்ப நாம ஜாஸ்தியாம்," என்றாள் ஷிகெனோ, மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தரிடம். "என்னிக்காவது ஆபீசருங்க ஜாஸ்தின்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

எழுத்தர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். "அக்கா, என்கிட்ட கோபப்பட்டு என்ன ஆகப்போகுது? பேரை அடிக்கணும்னா கோடு போட்டு, கோட்டு மேல அதே முத்திரையைக் குத்தணும். முத்திரை இல்லாம நான் பேனாவைத் தொட முடியாது. மூணு மணி பஸ்ஸுல பட்டியல் மாகாண ஆபீசுக்குப் போகுது."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று.

முத்திரை ஷிகெனோவிடம் இல்லை. இந்தப் பக்கத்தில் கையெழுத்தை எவரும் மதிப்பதில்லை. வீட்டு முத்திரை விழுந்தால்தான் காகிதத்துக்கு உயிர். பொருளாதார மந்தம் வந்த பிறகு காகிதங்களும் பெருகின. உரத்துக்கு ஒன்று, நிவாரண அரிசிக்கு ஒன்று என்று வாரத்துக்கு நாலு. ஒவ்வொரு தடவையும் வீடு வீடாக ஏறி இறங்க முடியாது என்று குடியிருப்புத் தலைவர் மியாஷிதா ஒரு மரப்பெட்டி வைத்தார். கிராமத்தில் அந்த ஒரு குடியிருப்பின் இருபத்தாறு வீட்டு முத்திரைகளும் அதற்குள் போயின. கொடுக்க மாட்டேன் என்றால் அவரைத் திருடன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ஷிகெனோ தன் கையாலேயே கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். ஆறு வருடமாயிற்று.

பொதுக்கூடத்தில் ஆண்கள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். போகிறவர்களுக்கு வழியனுப்பு விருந்து எங்கே வைப்பது என்று பேச்சு. பெட்டி மியாஷிதாவின் முழங்காலருகே இருந்தது.

"யசுஹெய் வரலையா?" என்றார் அவர்.

"அவர் கல்லு உடைக்கிறார். எங்க வீட்டு முத்திரையைக் குடுங்க, தலைவரே."

"உட்காரும்மா. டீ குடி. தலையில தீப்பிடிச்ச மாதிரி வந்து நின்னா எப்படி?"

"பத்த வச்சது நீங்கதானே."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். மியாஷிதா பொறுமையாக விளக்கினார். நாற்பது குடும்பம் சேர்ந்தால்தான் கிராமத்துக்கு அரசாங்கத்தின் மறுவாழ்வுப் பணம் வரும். ஒன்று குறைந்தாலும் கிடையாது. "அங்க வீட்டுக்கு இருபத்தஞ்சு ஏக்கர். இங்க உன்கிட்ட என்ன இருக்கு? ஒரு ஏக்கர் சரிவு. ரெண்டு பொண்ணு வச்சிருக்கே, யோசிச்சுப் பாரு."

"அவ்வளவு நல்ல இடம்னா உங்க பேரு ஏன் அதுல இல்ல?"

"நானும் போயிட்டா இங்க இருக்கிறவங்களை யாரு பாத்துக்கிறது?"

"ஆமா. எங்க நிலத்தையும் சேத்துப் பாத்துக்குவீங்க."

அவள் பக்கத்து வீட்டுத் தொராகிச்சியைப் பார்த்துத் திரும்பினாள். போன இலையுதிர் காலத்தில் கிராமத்தின் சார்பில் மஞ்சூரியாவைப் பார்த்துவர அனுப்பப்பட்டவர் அவர். திரும்பி வந்ததிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்காதவர்.

"தொராகிச்சி அண்ணே, நீங்க நேர்ல பாத்தவரு. சொல்லுங்க."

"வீடு இருக்கு. கிணறு இருக்கு. நிலம் உழுது கிடக்கு." அவர் குவளையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஆளில்லாத பூமின்னுதானே சொன்னாங்க. அப்ப கிணத்தை வெட்டினது யாரு?"

"பழசெல்லாம் எதுக்கு, தொராகிச்சி," என்றார் மியாஷிதா.

தொராகிச்சி குவளையைக் கீழே வைத்தார். "சீனக் குடியானவங்க. நாங்க போறதுக்கு நாலு நாள் முன்னாடிதான் பட்டாளத்துக்காரங்க வந்து துரத்தியிருக்காங்க. அடுப்படியில ஊறுகாய் ஜாடி பாதி அப்படியே இருந்துச்சு. அதைத்தான் எங்களுக்குச் சோத்தோட வச்சாங்க." புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "ருசியா இருந்துச்சு."

ஷிகெனோ குனிந்து பெட்டியைத் தூக்கினாள். மியாஷிதா மூடியைப் பிடித்தார். மூடி அவர் கையோடு வந்தது, பெட்டி அவள் கையோடு போனது. அவள் அதைப் பாயில் கவிழ்த்தாள். விரல் நீள மரத்துண்டுகள் உருண்டோடின.

"ஊரோட ஒத்துப்போன்னு சொன்னீங்க. நெல்லை அழிக்கும்போது ஒத்துப்போனோம். மல்பெரியைப் பிடுங்கும்போது ஒத்துப்போனோம். இன்னொருத்தன் வெட்டின கிணத்துல தண்ணி எடுக்கவும் ஒத்துப்போகணுமா? அவன் திரும்பி வந்தா அவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? எங்க ஊர் முத்திரை போட்டுச்சுன்னா?" தன் வீட்டு முத்திரையைத் தேடி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இதோ கிடக்கு எல்லாருதும். வேணுங்கிறவங்க எடுத்துக்குங்க."

இருபத்தைந்து முத்திரைகள் கிடந்தன. தொராகிச்சியின் கை நீண்டது. மற்றவர்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள். அது பாதி வழியில் நின்று குவளைக்குத் திரும்பியது.

"வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றாள். வெளியேறும்போது அவளுக்குப் பின்னால் யாரோ முத்திரைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போடும் சத்தம் கேட்டது.

கிராம அலுவலகத்தில் எழுத்தர் பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்து மேசையில் வைத்துக் கோடு போட்டார். ஷிகெனோ முத்திரையை மையில் ஒற்றி, இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"மெதுவா, அக்கா. மேசையில பதிஞ்சுடப் போகுது."

"பதியட்டும்."

இப்போது முப்பத்தொன்பது. எழுத்தர் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ் ஏறும்வரை அந்தக் காகிதத்தை விட்டுப் போக ஷிகெனோவுக்கு மனம் வரவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு ஐம்பதுக்கு மியாஷிதா பெட்டியோடு வந்தார். அவளைப் பார்க்கவில்லை. உள்ளே துழாவி ஒரு முத்திரையை எடுத்தார்.

"காலி இடத்துல எழுதுப்பா. குமகாய் தொராகிச்சி. மொத்தம் ஆறு பேர்."

ஷிகெனோ எழுந்தாள். "அண்ணனுக்குத் தெரியுமா இது?"

"சம்மதம் இல்லைன்னா முத்திரையை எடுத்துக்கிட்டிருப்பாரே," என்றார் மியாஷிதா. "நீதானே எல்லாருக்கும் சந்தர்ப்பம் குடுத்தே."

"பாவி," என்றாள். எழுத்தரின் கையிலிருந்த காகிதத்தைப் பிடித்தாள். "எழுதாதீங்க தம்பி. பத்து நிமிஷம். நான் ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

எழுத்தர் மியாஷிதாவைப் பார்த்தார். பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு எழுதினார். முத்திரை விழுந்தது. வெளியே ஒலி எழுப்பிய பஸ்ஸில் பட்டியல் ஏறியது.

அவள் பொதுக்கூடத்துக்கு ஓடினாள்; தொராகிச்சி வீட்டுக்குப் போயிருந்தார். அங்கிருந்து மேட்டுப் பாதையில் ஓடினாள். தொராகிச்சி வீட்டு வாசலை அவள் எட்டியபோது மணி மூன்று இருபது.

ஏப்ரல் பதினேழாம் தேதி தொராகிச்சியும் அவர் மனைவியும் நான்கு பிள்ளைகளும் மஞ்சூரியா போக ரயிலேறினார்கள்.