ஃபேனுக்குக் கீழே ஓர் இடம்

எங்கள் மாதா கோவிலில் பெண்கள் பக்கம், முன்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில், ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் ஓரம் என்னுடையது. பட்டா எதுவும் கிடையாது. திருச்சி வெயிலில் பிரசங்கம் முடியும்வரை விசுவாசத்தைக் காப்பாற்றுவது அந்த ஃபேன்தான் என்பதால், சீக்கிரமே போய்க் கைப்பையை வைத்து வருடக்கணக்கில் காத்துவந்த இடம். மாதா சபைச் செயலாளர் அம்மாவுக்கு அதன்மேல் வெகுநாளாக ஒரு கண்.

என் வீட்டுக்காரர் வேறு ரகம். கல்யாணமான நாளிலிருந்து பூசைக்குத் தவறாமல் வருவார். உள்ளே மட்டும் வர மாட்டார். வாசல் வேப்பமரத்தடியில், பைக்குகளுக்கு நடுவே, அதே ரகத்து ஆண்களோடு நிற்பார். பிரசங்கம் தொடங்கினால் டீக்கடை.

"உள்ள வந்தா கூரை இடிஞ்சா விழுந்துடும்?" என்று நான் கேட்காத ஞாயிறு இல்லை.

"காத்து வாங்கிட்டே கும்பிடறேன், விடு" என்பார். இவர் மோட்சத்திலும் வாசலில்தான் நிற்கப்போகிறார் என்று மாதா சபையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் என் தங்கை இறந்துபோனாள். தொட்டியத்தில் வாழைத்தோப்பும் சின்னஞ்சிறு பிள்ளைகளுமாக இருந்தவள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் நான் செபிக்காத செபமில்லை, நேராத நேர்ச்சையில்லை. துக்கம் கேட்க வந்த செயலாளர் அம்மா காபியை ஆற்றிக்கொண்டே, "ஆண்டவருக்குப் பிரியமானவங்கள சீக்கிரம் கூப்பிட்டுக்குவாருங்க" என்றார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆண்டவருக்கு அவர்மேல் அப்படியொன்றும் பிரியமில்லை போலிருக்கிறது.

அதோடு கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கோபம். கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவளுக்குப் பதில் சொல்லாதவரை வாராவாரம் போய் எதற்குப் பார்க்க வேண்டும்? நான் வராததைப் பங்குச் சாமியார் கவனித்தாரோ இல்லையோ, ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர்வீட்டு மாமி கவனித்தார். பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் கேட் அருகே நின்று, "இந்த வாரமும் நீங்க போகலையா? ஆத்துக்காரர் மட்டும் போறாரே!" என்பார்.

வீட்டுக்காரர் போனது உண்மை. என்னை வா என்று கூப்பிடாமல், குளித்து, வேட்டி கட்டி, ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டிப் போய்வந்தார். மரத்தடிக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு செயலாளர் அம்மா வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினார். முக்காடு போட்ட தலைகளுக்கு நடுவே, ஃபேனுக்கு நேர் கீழே, ஒரு வழுக்கைத் தலை. பின்னாலேயே போனும் வந்தது.

"உங்க வீட்டுக்காரரை என்னன்னு கேளுங்க. வாராவாரம் பொம்பளைங்க பக்கம் வந்து உக்காந்துக்கறாரு. சாமியார் சொல்லியும் எந்திரிக்க மாட்டேங்கறாரு."

மானம் போயிற்று. வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஆம்பளைங்க பக்கம் அத்தனை பெஞ்சு காலியா கிடக்கு, உங்களுக்கு அறிவில்லையா?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நான் எந்திரிச்சா அந்தம்மா உக்காந்துரும். அப்புறம் நீ வந்தா எங்க உக்காருவே?"

"நான் வரேன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

தங்கையை அடக்கம் செய்தபோதுகூட வராத அழுகை அப்போது வந்தது.

அடுத்த ஞாயிறு அவர் கிளம்பிப் போனபின், மாமி பார்க்கப் பார்க்க நானும் பஸ் ஏறினேன். பூசை தொடங்கிவிட்டிருந்தது. பெண்களுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு, ஃபேனுக்குக் கீழேயும் வியர்த்து, பரீட்சைக்கு வந்தவரைப்போல உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். செயலாளர் அம்மா அசைவதற்குள் என்னை உட்கார வைத்துவிட்டு, நேரே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். இன்றுவரை உள்ளே வரவில்லை.

ஆண்டவரோடு என் சண்டை தீரவில்லை. தங்கை பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் புதிதாக மூள்கிறது. ஆனால் அதை இப்போது நேரில் போய், என் இடத்தில் உட்கார்ந்து போடுகிறேன். வீட்டுக்காரரை உள்ளே கூப்பிடுவதையும் விட்டுவிட்டேன். மோட்ச வாசலிலேயே அவர் நிற்கட்டும். முதலில் உள்ளே போய் எனக்கு இடம் பிடித்துவிட்டுத்தான் வந்து நிற்பார்.