அண்ணியின் முதல் நாவல் இருந்த இடம்

விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பதாரருக்கு எழுத்து மூலம் பதில் அளிக்கப்படும். ஸ்பெயின் நாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றின் படிவத்தில் ஆறாம் பிரிவு இப்படிச் சொல்கிறது. ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்தொரு வருடம் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் நான். பதில் தருவதாக அச்சிட்ட எந்தப் பிரிவையும் நம்பியதில்லை. எங்கள் அண்ணி நம்பினார்.

அண்ணி ஸ்பெயினின் வடகரையில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர். தந்தையார் பள்ளி ஆசிரியர். உள்நாட்டுப் போரில் தோற்றவர்கள் பக்கம் நின்றதால் வேலை இழந்தவர். தாயார் மீன் அடைக்கும் ஆலையில் சூடை மீன் துப்புரவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்த ஆலைப் பெண்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த அண்ணி, இருபத்துநான்காம் வயதில் அவர்களைப் பற்றியே தம் முதல் நாவலை எழுதி முடித்தார். அக்காலத்தில் அங்கே எந்த நூலையும் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பியே அச்சேற்றலாம். அனுப்பினார். மறுத்துவிட்டார்கள். பொலிஸ் வீட்டுக்கு வரும் என்று பயந்த தாயார், வீட்டிலிருந்த மற்றப் பிரதியை அடுப்பில் போட்டுவிட்டார். ஆகவே உலகத்தில் மிஞ்சிய ஒரே பிரதி, அதைத் தடை செய்தவர்களின் அலுமாரியிலேயே இருந்தது.

அண்ணி லண்டனுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனார். அங்கே பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் அண்ணர் அவரைக் கண்டார். கலியாணச் செய்தி எங்கள் வீட்டுக்குத் தந்தியாக வந்தபோது அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. அப்போது அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களில் சிலர், இன்று இந்த நினைவுமலரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணிக்காக அழுகிறார்கள். காலம் நல்லது.

பின்னர் இருவரும் கனடாவுக்குப் போனார்கள். மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதி வாடகை வீட்டில், தையல் ஆலை வேலைக்குப் போகுமுன் காலை ஐந்து மணிக்கு எழும்பிக் குசினி மேசையில் எழுதினார். அப்படி ஐந்து நாவல்கள். இரண்டு மெக்சிக்கோவில் வெளிவந்தன. ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி இறந்த பிறகு மற்ற மூன்றும் அவருடைய சொந்த நாட்டில் வந்தன. ஒன்றுக்குப் பரிசும் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பதினொரு பேரைக் கனடாவுக்கு எடுத்த படிவங்களையும் அதே மேசையில்தான் நிரப்பினார். அந்தப் படிவங்களை நாங்கள் எழுத்தெழுத்தாக வாசித்தோம். நாவல்களில் ஒரு வரியும் வாசிக்கவில்லை.

அண்ணர் மறைந்தபின் ரொக்ஸ்பரோ வீட்டில் அண்ணியும் அவர்களுடைய மகளும் நானும் இருந்தோம். கோடையில் ஜான்-டலோன் சந்தைக்கு என்னைக் கூட்டிப்போவார். சூடை வாங்கினால் கத்தி எடுக்கமாட்டார். பெருவிரலால் ஒரு இழுப்பு, குடல் கையோடு வந்துவிடும். அந்த விரலைப் பார்க்காமல் மீன் சாப்பிட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

யாராவது அவருடைய புத்தகங்களைப் புகழ்ந்தால் ஒரே பதில்தான்.

"அதெல்லாம் முதல் நாவலை நினைச்சு எழுதினது, தம்பி. அதை ஒருக்காப் பார்க்கவேணும். நல்லதோ கெட்டதோ எண்டு தெரியவேணும். அதை எழுதின பெட்டையை நான் மறந்துபோனன்."

2003 மே மாதம், பார்வை மங்கத் தொடங்கிய பிறகு, பழைய தணிக்கைக் கோப்புகள் போய்ச் சேர்ந்த காப்பகத்தின் படிவத்தை என்னிடம் தந்தார். "உமக்குத்தானே எல்லா நடைமுறையும் தெரியும்." நான் நிரப்பிக் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் கடிதம், ஒவ்வொன்றுக்கும் நகல், எல்லாம் ஒரே கோப்பில். பதில் மட்டும் இல்லை. அந்த நாட்டு நிர்வாகத்தைப் பற்றி நான் அக்காலத்தில் சொன்னவற்றை நினைவுமலரில் எழுத முடியாது.

2005 செப்டெம்பரில் மகள் அந்தக் கோப்பைத் தற்செயலாகத் திறந்தாள்.

"சித்தப்பா, குடும்பப் பெயர் எண்ட இடத்தில ஏன் அப்பான்ர பேர்?"

"கலியாணம் கட்டினவ வேற ஆற்ற பேரைப் போடுறது?"

"நாவல் குடுக்கேக்க அம்மாவுக்கு அப்பாவைத் தெரியவே தெரியாது! ஸ்பெயினில கலியாணம் கட்டினாலும் பேர் மாறாது. தகப்பன்ர பேர் ஒண்டு, தாயின்ர பேர் ஒண்டு. அஞ்சு புத்தகத்திலயும் அதுதானே இருக்கு. நீங்கள் ஒருநாளும் அட்டையைக்கூடப் பார்க்கேல்லையோ?"

பார்த்ததில்லை. இரண்டு வருடமும் நான்கு மாதமும், இல்லாத ஒரு பெண்ணின் நாவலைத் தேடும்படி ஒரு நாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அண்ணி சிரித்தார். "தணிக்கைக்காரர் என்ர புத்தகத்தை மட்டும்தான் எடுத்தவை. நீர் என்ர பேரையும் எடுத்துப்போட்டீர். நீர் அவையைவிடக் கெட்டிக்காரன், தம்பி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே புதிய விண்ணப்பம் அனுப்பினேன். அதன்பின் தபால்பெட்டி மூடியின் சத்தம் கேட்டதும் அண்ணி கதிரையிலிருந்து தலையைத் திருப்புவார். நான் வெறுங்கையோடு உள்ளே வருவேன். "பேந்து வரும்," என்பார், எனக்கு ஆறுதலாக. 2006 நவம்பர் எட்டாம் திகதி காலமானார்.

கடைசி நாட்களில் அவரைத் தம் தாயைப் போலப் பராமரித்த மருத்துவமனைத் தாதியருக்கும், மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்த ரொக்ஸ்பரோ உறவினருக்கும், பனியிலும் ஈமக்கிரியைக்கு வந்து நின்றவர்களுக்கும், கடல் கடந்து வந்து அவர் பிறந்த ஊர்ப் பாட்டொன்றைத் தலைமாட்டில் பாடிய அவருடைய தங்கையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் வாசிக்க முடியாதபடி கையெழுத்திட்டிருக்கும் அந்தக் காப்பக அலுவலருக்கும் நன்றி. இரண்டாவது விண்ணப்பத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது பதினெட்டு மாதம். முதல் தடவையே சரியான பெயரை நான் எழுதியிருந்தால், இதே வேகத்தில் பதில் வந்திருந்தாலும், அண்ணி அதைத் தம் கையில் இரண்டு வருடம் வைத்திருந்திருப்பார்.

கோப்பு இருக்கிறது, இருநூற்றுப் பதினாறு பக்கங்களும் பழுதின்றி இருக்கின்றன, நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது என்ற கடிதம், அண்ணியின் முழுப்பெயருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 2007 மார்ச் பதினான்காம் திகதி.