திருவிழா மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்

நான் சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். தாடையில் முடி அடர்ந்துகொண்டே போனதால், போன வருஷம் அம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் திருவிழா முடிந்ததுமே அம்மாவுடன் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். "வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ரத்தம் எடுத்தார்கள்.

முடிவைப் பார்த்தவரின் முகம் மாறியது. "ஆண் ஹார்மோன் எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் இருக்கும். அதைப் பிடிச்சு வைக்கிற புரதம் உங்களுக்கு ரொம்பக் குறைஞ்சிருக்கு. அதனால அந்த ஹார்மோன் கூடுதலா வேலை செய்யுது. சினைப்பையில கட்டி ஏதும் இருக்கான்னு ஸ்கேன்ல பார்த்துடுவோம்."

கட்டி என்றபின் எதுவும் காதில் ஏறவில்லை. ஸ்கேன் அறை வாசலில் அம்மாவோடு காத்திருந்தேன். இனி என் மகளுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்பது வரைக்கும் மனம் ஓடிவிட்டது.

அப்போது அம்மா என் காதோரம் குனிந்தாள். "ஏத்தா, அக்கினிச்சட்டி எடுக்க நாளைத் தள்ளிப்போட மாத்திரை போட்டியே, அதச் சொன்னியா?" பக்கத்தில் ஆண்கள் இருந்ததால் அம்புட்டு ரகசியம்.

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் அந்த மாத்திரையை நான் மருந்தாகவே நினைத்ததில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அந்த மாத்திரையே இந்தப் புரதத்தைக் குறைச்சிடும். முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றார் டாக்டரம்மா.

ஸ்கேனில் கட்டி இல்லை. சில மாதம் கழித்துப் பரிசோதித்தபோது புரதமும் ஏறியிருந்தது. முடிக்குச் சிகிச்சை தொடர்கிறது.

இந்த வருஷமும் திருவிழாவுக்கு முன்னால் கம்பெனி வேனில் அதே மாத்திரை அட்டை கைமாறியது. "டாக்டர்கிட்ட போனா இதையும் சொல்லிருங்கக்கா" என்று உரக்கவே சொன்னேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.